1911 கைத்துப்பாக்கிக்கு நம்பகமான மேகசினைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்று யாராவது கொண்டுவந்தால், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் முதலில் கையில் எடுப்பது துப்பாக்கியை அல்ல, அதனுடன் வந்த, தோட்டாக்களை அடைத்து வைக்கும் மேகசினைத்தான். தோட்டாவைச் சரியான உயரத்தில், சரியான கோணத்தில், சரியான கணத்தில், துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்பின் நகரும் ஸ்லைடுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மேகசினின் வேலை. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், மற்ற பாகங்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கடையப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஆயினும், துப்பாக்கிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் தயங்காமல் கொடுப்பவர்கள், மேகசின் வாங்கும்போது மட்டும் துப்பாக்கிக் கண்காட்சி மேசையின் ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் பெயரில்லாத மலிவுச் சரக்கில் கைவைப்பதை இன்றும் காணலாம்.

இந்த வழிகாட்டி, அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்போரிடம் பரவலாக உள்ள 1911 வகைக் கைத்துப்பாக்கியை, அதன் இயல்பான .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டாவுடன் எடுத்துக்கொள்கிறது. கிளாக் நிறுவனத்தின் கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இந்த விஷயத்தில் தலைவலி குறைவு. அந்த நிறுவனமே தயாரிக்கும் மேகசினை வாங்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. 1911 அப்படியல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை அதன் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கியாக இருந்த இந்த வடிவத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று கோல்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, ரூகர், கிம்பர் என்று பல நிறுவனங்கள் தத்தம் அளவு நுணுக்கங்களுடன் இதைத் தயாரிக்கின்றன. மேகசின்களைத் தயாரிப்பவர்களோ வேறு சிலர். ஆகவே, ஒருவரின் துப்பாக்கியில் பழுதின்றி ஓடும் மேகசின் இன்னொருவரின் துப்பாக்கியில் தடுமாறுவது இங்கே சாதாரணம். எந்தப் பெயர் சிறந்தது என்ற கேள்வியைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, எந்த வடிவம் என் துப்பாக்கிக்கும் என் தோட்டாவுக்கும் பொருந்தும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

முதல் படி: மேகசினுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

மேகசினில் ஐந்தே பாகங்கள்: உலோகத் தகட்டை மடித்துப் பற்றவைத்த உடல், அதன் மேல்விளிம்பில் உள்நோக்கி வளைந்த இரண்டு உதடுகள், தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் ஃபாலோயர், அதற்கு அடியில் ஸ்பிரிங், எல்லாவற்றையும் மூடும் அடித்தகடு. தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, மீண்டும் முன்னால் வருகிறது. அது பின்னால் போய்த் திரும்பும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்துக்குள், ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உதடுகள்வரை உயர்த்தியாக வேண்டும். ஸ்பிரிங் தாமதித்தால் ஸ்லைடு தோட்டாவின் பின்விளிம்பைப் பிடிக்காமல் அதன் மேலாகச் சறுக்கி, நடுவில் அழுத்திச் சிக்கிவிடும்.

1911இல் இதற்கு மேல் ஒரு நுணுக்கம் உண்டு. தோட்டா மேகசினிலிருந்து வெளிவரும்போதே அதன் பின்விளிம்பு, வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் பாகமான எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியிலிருந்து மேலே வழுக்கி ஏறி அமர வேண்டும். தோட்டா முன்கூட்டியே துள்ளி வெளியேறிவிட்டால், கொக்கி அதன் விளிம்பின்மேல் வலுக்கட்டாயமாகத் தாவிக் கடிக்க நேரிடும். ஓரிரு முறை அப்படி நடந்தால் பாதகமில்லை; அதுவே வழக்கமானால் கொக்கியின் இறுக்கம் கெட்டு, குற்றம் மேகசினிலிருந்து துப்பாக்கிக்கு இடம்பெயர்ந்துவிடும். மலிவான மேகசின் விலை உயர்ந்த துப்பாக்கியைக் கெடுக்கும் வழி இதுதான்.

இரண்டாம் படி: உதடுகளின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 1911 மேகசின்களின் உதடுகள் மூன்று வகை. பழைய ராணுவ வடிவத்தில், உதடுகள் பின்னாலிருந்து முன்னால் போகப் போகச் சீராக விரியும்; தோட்டா முன்னேறும்போது அதன் பின்பகுதி சிறிது சிறிதாக உயர்ந்து, கொக்கிக்கு அடியில் நிதானமாக ஏறும். இரண்டாவது, குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்காக உருவானது; உதடுகள் இணையாக ஓடி, ஓரிடத்தில் முடிந்து, தோட்டாவைச் சட்டென விடுவித்துவிடும். தட்டையான முனையுள்ள, நீளம் குறைந்த போட்டித் தோட்டாக்களுக்கு இது தேவைப்பட்டது. மூன்றாவது இந்த இரண்டின் கலவை: தொடக்கத்தில் ராணுவ வடிவம்போல விரிந்து, அதைவிடச் சற்று முன்னதாகவே விடுவிக்கும்.

எதைத் தேர்வது என்பதைத் தோட்டாதான் தீர்மானிக்கிறது. மூல வடிவம் 230 கிரெயின், அதாவது ஏறக்குறைய 15 கிராம் எடையுள்ள, உருண்டை முனையும் முழு உலோக உறையும் கொண்ட குண்டுக்காகச் செய்யப்பட்டது. .45 ஏசிபி தோட்டாவின் மொத்த நீளத்துக்கு அமெரிக்கத் தொழில்தரம் விதிக்கும் உச்சவரம்பு 1.275 அங்குலம், உருண்டை முனைத் தோட்டா அந்த அளவை ஒட்டியே வரும். குழிமுனைத் தோட்டாக்கள் பொதுவாக இதைவிடக் குட்டையானவை, முனையும் அகலம். எனவே அவை உதடுகளை விட்டு வெளிவரும் தருணமும், தோட்டாவைக் குழலுக்குள் வழிநடத்தும் ஃபீட் ராம்ப் என்ற சரிவில் முனை மோதும் இடமும் மாறிவிடுகின்றன. உருண்டை முனை மட்டுமே சுடுபவருக்கு ராணுவ வடிவத்தை மிஞ்சியது இல்லை. 1911 மார்ச்சில் நடந்த ராணுவச் சோதனையில் கோல்ட் துப்பாக்கி 6,000 தோட்டாக்களைச் சிக்கலின்றிச் சுட்டுத் தேறியது அந்த வடிவத்தோடுதான். தற்காப்புக்குக் குழிமுனைத் தோட்டா வைத்திருப்பவர் கலவை வடிவத்தை முதலில் முயல்வது நல்லது. சட்டென விடுவிக்கும் வடிவத்தைப் போட்டிக்காரர்களிடம் விட்டுவிடலாம். எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அதிக வேலை வைப்பது அதுதான்.

மூன்றாம் படி: ஃபாலோயர்

பழைய ராணுவ ஃபாலோயரின் மேற்பரப்பில் ஒரு சிறிய குமிழ் இருப்பதைக் காணலாம். பார்வைக்கு அற்பமாகத் தெரிந்தாலும் அது காரணமின்றி வைக்கப்பட்டதல்ல. மேகசினில் கடைசித் தோட்டா மட்டும் மிஞ்சும்போது ஸ்பிரிங் மிகத் தளர்ந்த நிலையில் இருக்கும். அப்போது ஏற்படும் உதைப்பில் துப்பாக்கி பின்னால் போக, தோட்டா மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க முயன்று முன்னோக்கி வழுக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்தக் குமிழ். பிற்காலத்தில் ஒரு தோட்டா கூடுதலாக அடைப்பதற்காகத் தட்டையான மேற்பரப்புடன் வந்த சில ஃபாலோயர்களில் அதைக் கைவிட்டார்கள். அப்படிப்பட்ட மேகசினில் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால், கடைசித் தோட்டா சுடப்படாமலேயே வெளியே வந்து விழுவதைக் காண நேரிடும். குமிழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்தக் குறையை ஈடுசெய்யும் வலுவான ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபாலோயர் மேலும் கீழும் போகும்போது முன்பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் தோட்டாவின் முனை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, சரிவின் அடியில் முட்டும். பக்கவாட்டில் நீண்ட கால்கள் உள்ள ஃபாலோயர்கள் இதைத் தடுப்பதற்காகவே வந்தவை. இன்னொன்று: உங்கள் துப்பாக்கியின் சட்டகம் அலுமினியமாக இருந்தால், சில உலோக ஃபாலோயர்கள் அதன் சரிவில் இடித்து இடித்துத் தழும்பு ஏற்படுத்தும். எஃகுச் சட்டகத்துக்கு அந்தக் கவலை இல்லை. அலுமினியச் சட்டகம் உள்ள எடை குறைந்த வகைகளுக்கு நெகிழி ஃபாலோயரே பாதுகாப்பு.

நான்காம் படி: ஏழா, எட்டா

மூல மேகசின் ஏழு தோட்டாக்களுக்கானது. அதே உயரமுள்ள குழாயில், அதாவது மேகசின் உடலில், எட்டாவதை நுழைக்க வேண்டுமென்றால் ஃபாலோயரின் உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங்கின் சுருள்களைக் குறைக்க வேண்டும். இரண்டுமே நம்பகத்தைக் குறைப்பவை. எட்டு அடைத்த மேகசினை ஸ்லைடு மூடிய நிலையில் செருகினால், மேல்தோட்டா ஸ்லைடின் அடிப்பகுதியில் அழுந்தும். அதற்கு இடம்கொடுக்க ஸ்பிரிங்கில் இன்னும் சில மில்லிமீட்டர் அழுந்தும் இடம் மிச்சமிருக்க வேண்டும். மிச்சமில்லையென்றால் மேகசின் முழுதாகப் பூட்டிக்கொள்ளாமல், முதல் குண்டு சுட்டதும் நழுவி விழும்.

குழாயைச் சற்று நீட்டி, அடியில் தடித்த நெகிழிப் பட்டை வைத்து எட்டைச் சேர்க்கும் மேகசின்களும் உள்ளன. அவற்றில் ஸ்பிரிங்குக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதால் பழைய குற்றச்சாட்டு பெரிதும் பொருந்தாது. என் கருத்தில், உடலோடு வைத்துச் செல்பவருக்கு நல்ல ஏழு தோட்டா மேகசினோ, குழாய் நீண்ட எட்டுத் தோட்டா மேகசினோ போதும். குழாயை நீட்டாமல் எட்டை அடைக்கும் மலிவு மேகசின்கள்தான் இந்தத் துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவை.

.45 அல்லாத தோட்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக உள்ள .32 ஏசிபி தோட்டாவின் பின்விளிம்பு, உடலைவிடச் சற்றுத் துருத்தியிருக்கும். மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், மேகசினைக் கழற்றாமல் அந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது. குட்டையான குழிமுனைத் தோட்டாக்களில் இது எளிதில் நேரும் என்பதால், அவற்றை அடைப்பவர் இந்த ஒன்றைத் தனியே சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தயாரிப்பாளரும் வாங்கும் இடமும்

பல துப்பாக்கி நிறுவனங்கள் மேகசின்களைத் தாமே செய்வதில்லை. இத்தாலியின் மெக்-கார், அமெரிக்காவின் மெட்டல்ஃபார்ம், செக்-மேட் போன்றவை பெரிய பெயர்களுக்குப் பின்னணியில் தயாரித்துக் கொடுப்பவை. அதே பொருளைச் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கும் விற்கின்றன. இது தெரிந்தால் வீண்செலவு குறையும். 1911க்கென்றே பெயர்பெற்றவை வில்சன் காம்பேட்டின் 47டி, சிப் மெக்கார்மிக்கின் பவர் மேக், டிரிப் ரிசர்ச்சின் கோப்ரா மேக் ஆகியவை. எதையும் மொத்தமாக வாங்க வேண்டாம். ஒரு வகையில் இரண்டு வாங்கி, கீழே சொல்லும் சோதனையில் தேறினால் அதே வகையில் மேலும் வாங்குங்கள்.

மேற்பூச்சை அழகு விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது. ஈராக் போரில் எம்9 துப்பாக்கியின் மேகசின்கள் மாவுபோன்ற நுண்மணலில் திணறின. ராணுவ ஒப்பந்தமே கேட்டு வாங்கியிருந்த தடித்த, சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் மணல் ஒட்டிக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் வழுவழுப்பான பூச்சுடன் மேகசின்கள் வந்தன. உட்புறம் வழுவழுப்பாக உள்ள துருப்பிடிக்காத எஃகு, வியர்வை படும்படி உடலோடு சுமப்பவருக்கு ஏற்றது.

எல்லா 1911க்கும் பொருந்தும் என்று அட்டையில் எழுதி, தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் விற்கப்படுவதைத் தவிர்க்கவும். பழைய ராணுவ உபரி மேகசின் கிடைத்தால், உதடுகள் நேராக இருக்கும்பட்சத்தில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

வாங்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துத் தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மேகசின்களுக்கு 1994 செப்டம்பர் 13 முதல் 2004 செப்டம்பர் 13 வரை இருந்த கூட்டாட்சித் தடை காலாவதியாகிவிட்டது; ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் பத்து என்ற வரம்பும், கொலராடோவில் பதினைந்து என்ற வரம்பும் உண்டு. ஏழும் எட்டும் இவற்றுக்குள் அடங்கும்; இரட்டை வரிசையில் தோட்டா அடையும் 1911 வகைகள் வைத்திருப்பவரே கவனிக்க வேண்டும்.

ஆறாம் படி: வீட்டில் கைச்சோதனை

துப்பாக்கியைத் தொடும் முன் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பர் காலியா என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது உயிரைப் பறித்திருக்கும் தவறு. 1911இல் மேகசின் இல்லாதபோதும் சேம்பரில் உள்ள தோட்டா வெடிக்கும். உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வெடிக்காத பயிற்சித் தோட்டாக்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலி மேகசினை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு உதடுகளும் ஒரே உயரத்தில், ஒரே வளைவில் உள்ளனவா என்று மேலிருந்து பாருங்கள். உள்விளிம்பில் விரல்நுனியை ஓட்டினால் பிசிர் இருந்தால் தட்டுப்படும். பின்புறப் பற்றவைப்புத் தையல் உள்ளே துருத்தக் கூடாது. ஒரு பென்சிலால் ஃபாலோயரை அடிவரை அழுத்தி மெதுவாக விடுங்கள். நடுவழியில் எங்கும் நிற்காமல், சாயாமல் மேலே வர வேண்டும். பின் காலி மேகசினைச் செருகி ஸ்லைடை இழுத்தால் அது பின்னால் பூட்டிக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மேகசின் தன் எடையிலேயே விழ வேண்டும். பக்கங்கள் உப்பியிருந்தால் விழாது. அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கையில் சிறிதளவு ஆட்டம் இயல்பு; தளதளவென ஆடினால், தோட்டா நிற்கும் உயரமே ஒவ்வொரு முறையும் மாறும்.

அடுத்து, முழு எண்ணிக்கையில் பயிற்சித் தோட்டாக்களை அடைத்து, ஸ்லைடு மூடிய நிலையில் செருகுங்கள். உள்ளங்கையால் ஒரே தட்டில் பூட்டிக்கொள்ளவில்லையென்றால், நான்காம் படியில் சொன்ன குறை அதில் உள்ளது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் உதடுகளின் இடைவெளியைப் பின்னிலும் நடுவிலும் முன்னிலும் அளந்து குறித்துவைக்கலாம். புதிதாக இருந்தபோது எடுத்த அளவு, ஓராண்டுக்குப் பின் சந்தேகம் வரும்போது சாட்சியாக நிற்கும்.

ஏழாம் படி: சுடுதளத்தில் சோதனை

ஒவ்வொரு மேகசினின் அடித்தகட்டிலும் பெயிண்ட் பேனாவால் எண் எழுதுங்கள். எண் இல்லாத மேகசின்களை வைத்துக்கொண்டு சிக்கலின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பத்தில் எது கோளாறு செய்தது என்பது பைக்குள் போட்டதும் மறைந்துவிடும். முதலில் உருண்டை முனைத் தோட்டாக்களில் மேகசின் ஒன்றுக்கு நூறு, பின் நீங்கள் உண்மையில் வைத்திருக்கப்போகும் தோட்டாவில் ஐம்பது என்பது என் அளவுகோல். செலவு மேகசினின் விலையைத் தாண்டும் என்பது உண்மைதான். தற்காப்புக்கு வைப்பவருக்கு அதைக் குறைக்க வழியில்லை. இடையிடையே சேம்பரில் ஒன்றும் மேகசின் முழுவதுமாகவும் வைத்துத் தொடங்குங்கள். சில முறை ஒரே ஒரு தோட்டாவை அடைத்துச் சுடுங்கள். சில முறை பலவீனமான கையால் மட்டும் பிடித்துச் சுடுங்கள்.

சிக்கல் வந்தால் உடனே தட்டி இழுத்துச் சரிசெய்துவிடாமல், துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்தபடி, விரலை விசையிலிருந்து விலக்கி, எந்த நிலையில் நின்றிருக்கிறது என்று பாருங்கள். தோட்டாவின் முனை கீழே கவிழ்ந்து சரிவில் முட்டி நின்றால், ஃபாலோயரையோ தளர்ந்த ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். ஸ்லைடு தோட்டாவின் உடல்மேல் ஏறி அழுத்தியிருந்தால் ஸ்பிரிங் தாமதித்திருக்கிறது. கடைசித் தோட்டாவில் மட்டும் இப்படி நேர்ந்தாலும், எல்லாம் தீர்ந்தபின் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ளாவிட்டாலும், அதே ஸ்பிரிங்தான் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. தோட்டாக்கள் மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு பூட்டிக்கொண்டால், தோட்டாவின் அகன்ற முனை, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப்பின் உட்பகுதியை உரசித் தூக்குகிறது. இது மேகசினாகவும் இருக்கலாம், துப்பாக்கியாகவும் இருக்கலாம். வெற்றுக் கூடு குழாய்போல நிமிர்ந்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டர், பிடிமானம் அல்லது வலுவற்ற தோட்டா சார்ந்தது. அதற்காக மேகசினைத் தூக்கியெறிய வேண்டாம்.

இங்கேதான் எண்கள் உதவுகின்றன. ஒரே கோளாறு மூன்றாம் எண் மேகசினில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் அதனுடையது. எல்லா எண்களிலும் பரவலாக வந்தால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புதுப்புது மேகசின்களாக வாங்கிக் குவிப்பதால் எக்ஸ்ட்ராக்டரின் குறை தீராது.

எட்டாம் படி: பராமரிப்பு

தேறியவற்றைச் சுமப்பதற்கும், மற்றவற்றைப் பயிற்சிக்கும் என்று பிரித்துவைத்தால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. சிமெண்ட் தரையில் உதடுகள் கீழாக விழுவதே மேகசினின் முதல் எதிரி; அப்படி விழுந்த ஒன்றை மீண்டும் அளந்து சுட்டுப் பார்க்காமல் சுமக்கக் கூடாது. வளைந்த உதட்டைக் குறடால் நிமிர்த்துவது வேண்டாத வேலை, ஏனெனில் ஒருமுறை வளைந்த உலோகம் மீண்டும் அதே இடத்தில் எளிதில் வளையும்.

அடித்தகட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகவோ முன்பின்னாகவோ திரும்பப் பொருத்துவதால் வரும் சிக்கல்கள் மிக அதிகம். உள்ளே துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் விட வேண்டாம். அது தூசியைப் பிடித்துவைக்கும், தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைப்புப் பகுதியான பிரைமருக்குள் கசியவும் கூடும். அடைத்தபடியே வைத்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற பயம் தேவையற்றது: அளவோடு அழுந்தி நிற்கும் நல்ல ஸ்பிரிங்கைத் தேய்ப்பது, பல்லாயிரம் முறை அழுந்தி விரிவதும், இடமில்லாத குழாயில் அளவுக்கு மீறி நசுங்குவதும்தான். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். சில டாலர்களில் முடியும் வேலை.

ஸ்பிரிங்கை மாற்றியும் கோளாறு தொடரும் மேகசினின் அடியில் சிவப்புப் பெயிண்ட் பூசி, சிக்கலை அவிழ்க்கும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வேண்டாமென்றால், உதடுகளைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லையென்றால் அது எப்படியோ மீண்டும் கண்காட்சி மேசை ஒன்றுக்கு விற்பனைக்கு வந்துவிடும்.